பழகிய வண்டியும் பழக வேண்டிய வண்டியும்

வண்டியைக் கொடுக்கப் போகிறேன் என்று சொன்னதும் தெரிந்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: "ஏன், வண்டிக்கு என்ன ஆச்சு?" ஒன்றும் ஆகவில்லை. இன்றைக்கும் பட்டனைத் தொட்டவுடன் ஸ்டார்ட் ஆகும். தொல்லை தாங்காமல் ஒரு வண்டியைத் தள்ளிவிடுவது சுலபம். மனதுக்குப் பிடித்திருக்கும்போதே, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே கொடுத்துவிட்டு, இன்னொருவர் ஓட்டிய வேறொரு வண்டியை வாங்குவது அவ்வளவு சுலபமில்லை. நெடும்பயணத்துக்கென்றே பைக் வைத்திருப்பவர்கள் என்றாவது ஒருநாள் இந்த இடத்துக்கு வந்துதான் ஆக வேண்டும். நான் இப்போதுதான் அதைத் தாண்டியிருக்கிறேன். மறப்பதற்குள் எழுதிவிடலாம் என்று தோன்றியது.

என்னிடம் இருந்தது 2018 மாடல் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன். 411 சிசி, ஒற்றை சிலிண்டர், ஐந்து கியர், 24 சொச்சம் குதிரைத்திறன், எடையோ 190 கிலோவுக்கு மேல். இந்த எண்களை மட்டும் பார்த்து அதைக் குறைத்துப் பேசியவர்கள் நிறையப் பேர். ஓட்டிப் பார்த்தவர்கள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அந்த எஞ்சினில் சிலிண்டரின் விட்டம் 78 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 86 மி.மீ. அந்தத் தூரம், அதாவது ஸ்ட்ரோக், நீளமான எஞ்சின் வேகமாகச் சுற்றாது. ஆனால் அடியிலிருந்தே இழுக்கும். நிமிடத்துக்கு 4,000 சுற்றைத் தொடும்போதே அதன் முழு டார்க்கும், அதாவது திருகி இழுக்கும் விசையான 32 நியூட்டன் மீட்டரும், கைக்கு வந்துவிடும். கல்லும் மண்ணுமான ஏற்றத்தில் இரண்டாவது கியரைப் போட்டுவிட்டு, கிளட்சைத் தொடாமல், நடப்பவர்களோடு பேசிக்கொண்டே ஏறலாம். சீட் உயரம் 800 மி.மீ. என்பதால் என் உயரத்துக்கு இரண்டு பாதமும் தரையில் நன்றாகப் பதியும். ஸ்பீடோமீட்டருக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திசைகாட்டி. வழி தெரியாத ஊர்களில் போனில் சிக்னல் போன பிறகு, அதைப் பார்த்துக்கொண்டே சும்மா ஓட்டிய மாலைகள் உண்டு.

ஆனால் நான் அதை நேசித்ததற்கு இதெல்லாம் பாதிக் காரணம்தான். மீதிப் பாதி, அந்த வண்டியைப் பற்றி எனக்குத் தெரிந்திருந்த விஷயங்கள். குளிர்ந்த காலையில் ஸ்டார்ட் செய்தால் எத்தனை மூச்சு பொறுத்துக் கிளம்ப வேண்டும், எந்த வேகத்தில் கண்ணாடியில் தெரியும் பிம்பம் கலைய ஆரம்பிக்கும், ரிசர்வ் விளக்கு எரிந்த பிறகு உண்மையில் எவ்வளவு தூரம் போகும், செயின் தளர்ந்தால் எப்படிச் சத்தம் வரும், வறண்டால் எப்படி வரும், மழையில் பின் பிரேக் எந்த இடத்தில் பிடிக்கும். இதில் எதையும் நான் உட்கார்ந்து படித்ததில்லை. ஓட்ட ஓட்டக் கைக்கும் காலுக்கும் வந்து சேர்ந்தது. வண்டியை விற்கலாம், இதை விற்க முடியாது. இன்னொரு வண்டிக்கு அப்படியே மாற்றிக்கொள்ளவும் முடியாது. பைக் மாற்றுவதில் ஆகும் பெரிய செலவு இதுதான் என்பது என் எண்ணம். விலையைப் பேசும்போது யாரும் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

சரி, அப்படியிருந்தும் ஏன் மாற்றினேன்?

முதல் காரணம் பின்சீட். சில வருடங்களாக என் பயணங்களில் தங்கையும் சேர்ந்துகொண்டாள். இரண்டு பேர், இரண்டு பேருக்குமான சாமான், அதோடு ஏற்றமான நெடுஞ்சாலை. முன்னால் ஒரு லாரி மெதுவாக ஏறுகிறது, எதிர்ப்பக்கம் காலியாக இருக்கிறது. தனியாகப் போகும்போது யோசிக்காமல் முந்திவிடும் இடம் அது. இருவராகப் போகும்போது மூன்றாவது கியருக்கு இறக்கி, முழு ஆக்ஸிலேட்டரும் கொடுத்து, லாரியின் நீளத்தைக் கடக்கப் பிடிக்கும் நேரம் எனக்குப் போதவில்லை. மெதுவாகப் போவதில் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது. மெதுவாகப் போகத்தானே பயணம் போகிறோம். ஆனால் எதிர்த் தடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கும்போது இன்னும் கொஞ்சம் சக்தி மிச்சம் இருக்க வேண்டும். அது வேகத்துக்காக இல்லை, பின்னால் உட்கார்ந்திருப்பவளுக்காக.

இரண்டாவது காரணம் வயது. ஓடோமீட்டர் 80,000 கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது. அவ்வளவு ஓடிய ஒற்றை சிலிண்டர் எஞ்சினுக்கு உரிய தேய்மானம் இதற்கும் வந்திருந்தது. ஆயில் அளவு முன்பைவிடச் சீக்கிரம் இறங்கியது. என் மெக்கானிக் நேர்மையான மனிதர். "எஞ்சினைப் பிரிச்சு ரிங், வால்வு, டைமிங் செயின் எல்லாம் மாத்திட்டா இன்னொரு ரவுண்டு தாராளமா ஓடும்மா" என்றார். நிஜமாகவே அதைச் செய்யலாமா என்று வாரக்கணக்கில் யோசித்தேன். பிரித்து வேலை செய்தால் வண்டிக்கு அதன் இளமை திரும்பும். ஆனால் இளமையிலும் அதற்கு 24 குதிரைத்திறன்தான். எனக்குத் தேவைப்பட்டது அது எப்போதுமே வைத்திருக்காத ஒன்று. இதைப் புரிந்துகொண்ட பிறகு முடிவெடுப்பது கஷ்டமாக இல்லை.

தேடியது அதே குடும்பத்தின் அடுத்த தலைமுறையை. 2023 நவம்பரில் வெளிவந்த ஹிமாலயன் 450. பெயர் ஒன்றே தவிர எஞ்சின் முழுக்கவே வேறு. 452 சிசி, கூலன்ட்டால் குளிரும் எஞ்சின், நான்கு வால்வு, ஆறு கியர், 40 குதிரைத்திறன், 40 நியூட்டன் மீட்டர் டார்க். முன்சக்கரம் பழையதைப் போலவே 21 அங்குலம், பின்சக்கரம் 17. டேங்க் 15 லிட்டரிலிருந்து 17 ஆகியிருக்கிறது. முன் டிஸ்க் 300 மி.மீ.-இலிருந்து 320 ஆகியிருக்கிறது. எடை 196 கிலோ. அதாவது சக்தி கூடியும் எடை பெரிதாக ஏறவில்லை. இதைவிடப் பெரிய வண்டிகளைப் பற்றியும் யோசித்தேன்தான். ஆனால் மண் பாதையில் விழுந்தால் தனியாகத் தூக்கி நிறுத்த முடிய வேண்டும் என்பது என் பழைய சட்டம். அதை மாற்றிக்கொள்ளும் எண்ணம் இல்லை.

ஷோரூம் வண்டியே வாங்கலாமே என்றும் சிலர் கேட்டார்கள். ஒன்றிரண்டு வருடம் ஓடிய வண்டியில் எனக்கு இரண்டு லாபம் தெரிந்தது. வண்டியின் விலை மிக வேகமாகச் சரிவது முதல் வருடத்தில்தான். அந்தச் சரிவை முதல் ஆள் சுமந்துவிட்டார். மிச்சமாகும் காசு நல்ல டயருக்கும் ஜாக்கெட்டுக்கும் பயணத்துக்கும் போகும். இன்னொன்று, முதல் சர்வீஸ்கள் முடிந்து, எதாவது வரவேண்டியிருந்தால் வந்து, சரிசெய்யப்பட்டிருக்கும். நஷ்டமும் ஒன்று உண்டு: அந்த ஆளுடைய பழக்கமெல்லாம் வண்டியோடு சேர்ந்தே வரும். செகண்ட் ஹேண்ட் வண்டி பார்ப்பது என்றால் உண்மையில் அதன் முதல் சொந்தக்காரரைப் பார்ப்பதுதான்.

எந்த வண்டியைப் பார்க்கப் போனாலும் முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுவேன்: "நான் வரும் வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாமல் வையுங்கள்." சூடான எஞ்சின் நிறைய விஷயங்களை மறைத்துவிடும். ஸ்டார்ட் ஆகத் திணறுவது, ஆரம்பத்தில் டக டகவென்று வரும் சத்தம், சைலன்சரிலிருந்து முதல் சில நொடிகளுக்கு வரும் நீலப் புகை, எல்லாமே ஆறிய எஞ்சினில்தான் தெரியும். போனதும் முதல் வேலை எஞ்சின் மேல் கை வைத்துப் பார்ப்பது. ஒருவருடைய வண்டியில் அது வெதுவெதுப்பாக இருந்தது. நிழலுக்கு நகர்த்தினேன் என்றார். இருக்கலாம். நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இன்னொரு வண்டி பார்க்கப் பளபளவென்று இருந்தது. மெயின் ஸ்டாண்டில் நிறுத்தி, பின்பக்கத்தை ஒருவரை அமுக்கச் சொல்லி, முன்சக்கரம் தரையிலிருந்து எழும்பியதும் ஹேண்டிலை ஒரே விரலால் மெதுவாக இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் திருப்பினேன். நேராக வரும் இடத்தில் லேசாக ஒரு பிடிப்பு. பள்ளம் மேடு அடிக்கும் ஒவ்வொரு அடியும் ஹேண்டில் நேராக இருக்கும்போதுதான் பெரும்பாலும் விழும். ஹேண்டில் திரும்ப உதவும் பேரிங்கான கோன் செட் அந்த ஒரே இடத்தில் குழிந்துபோகும். அதை மாற்றுவது பெரிய செலவில்லை. ஆனால் இவ்வளவு குறைவாக ஓடிய வண்டிக்கு அது ஏன் வந்தது என்று குனிந்து பார்த்தேன். ஹேண்டில் ஒரு அளவுக்கு மேல் திரும்பாமல் தடுக்க, ஸ்டியரிங் கழுத்தில் இரும்பில் சின்னதாக ஒரு முட்டு இருக்கும். அதன் ஒரு பக்கம் நசுங்கி, மேலே புதிதாகக் கறுப்பு பெயின்ட் அடிக்கப்பட்டிருந்தது. முன்பக்கம் பலமாக அடி வாங்கிய வண்டி. பிளாஸ்டிக்கை மாற்றலாம், பெயின்ட் அடிக்கலாம்; அந்த முட்டை யாரும் கவனித்துச் சரிசெய்ய மாட்டார்கள். வண்டி வாங்கப் போகிறவர்கள் வேறு எதைப் பார்க்க மறந்தாலும் இந்த ஒன்றைப் பார்த்துவிடுங்கள்.

கடைசியில் வாங்கியது 2024 மாடல். வைத்திருந்தவர் என்னைவிட வயதில் மிகவும் சிறியவர். வேலை விஷயமாக ஊரைவிட்டுப் போகிறார். வண்டியில் தூசி இருந்தது. விற்பதற்காகக் கழுவி மெழுகு பூசவில்லை. எஞ்சின் சில்லென்று இருந்தது. நான் கீழே உட்கார்ந்து டயரைப் பார்த்தேன். டயரின் பக்கச் சுவரில் டாட் (DOT) என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு எண்கள் அது தயாரான வாரத்தையும் வருடத்தையும் சொல்லும். 2324 என்றால் 2024-ஆம் வருடத்தின் 23-ஆவது வாரம். முன் டயர் வண்டியோடு வந்தது என்று எண் சொன்னது. பின் டயரில் கடைசி இரண்டு எண்கள் 25. ஓடோமீட்டரோ பின் டயர் தேய்ந்து மாற்றும் அளவுக்கு ஓடியதாகக் காட்டவில்லை. இப்படி இருந்தால் இரண்டே விளக்கங்கள்தான்: டயருக்கு ஏதோ ஆகியிருக்கிறது, இல்லை ஓடோமீட்டர் பொய் சொல்கிறது.

"தம்பி, பின் டயரை ஏன் மாத்தினீங்க?"

"கிழிஞ்சிருச்சுக்கா. இரும்புத் தகடு ஒண்ணு ஏறி, பக்கச் சுவரு போயிருச்சு. பில்லு இருக்கு, காட்டறேன்."

பில் மட்டுமில்லை, ஒரு ஃபைலே வந்தது. ஒவ்வொரு சர்வீஸின் தாளும் தேதி வரிசையில். கிலோமீட்டர் எண்கள் ஒன்றுக்கொன்று ஒழுங்காக ஏறிக்கொண்டே போயின. டயர் மாற்றிய கடையின் பில்லில்கூட ஓடோமீட்டர் எண்ணைப் பேனாவால் எழுதி வாங்கியிருந்தார். நான் கேட்பதற்கு முன்னாலேயே அவராகச் சொன்னார்: "இடது பக்கம் ஒரு தடவை விழுந்திருக்குக்கா. நின்ன இடத்துலதான். கிளட்ச் லிவர் மாத்தியிருக்கேன், கார்டுல கோடு இருக்கு பாருங்க." கோடு இருந்தது. ஸ்டியரிங் முட்டு இரண்டு பக்கமும் ஒழுங்காக இருந்தது. ஒரு சின்ன ஸ்பேனரை எடுத்து இரண்டு சக்கரத்திலும் ஸ்போக்குகளை ஒவ்வொன்றாகத் தட்டினேன். இறுக்கமான ஸ்போக் கிண்ணென்று ஒலிக்கும். தளர்ந்தது டொக் என்று செத்த சத்தம் தரும். பின்சக்கரத்தில் இரண்டு மட்டும் கொஞ்சம் தாழ்ந்து ஒலித்தன. அவரிடம் சொன்னேன். அவரும் குனிந்து தட்டிப் பார்த்து, "எனக்குத் தெரியலையேக்கா" என்றார். ஸ்பேனரைத் திருப்பித் தராமல் இன்னும் இரண்டு சுற்று தட்டிப் பார்த்தார். எனக்கு வண்டியைவிட ஆளை அதிகம் பிடித்துவிட்டது.

மற்றதெல்லாம் வழக்கமானவை. கழுத்தில் பதித்த சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் ஆவணத்தோடு ஒத்துப்போகிறதா, வண்டி மேல் கடன் ஏதும் பாக்கி உண்டா, இரண்டு சாவியும் இருக்கிறதா. முன் ஃபோர்க்கில் கசிவைக் காட்டும் எண்ணெய் வளையம் இல்லை. மல்டிமீட்டரை வைத்தேன்: எஞ்சின் ஓடாதபோது பேட்டரி 12.6 வோல்ட், ஓடும்போது 14-ஐ ஒட்டி. அன்றைக்கே பேசி முடித்தோம்.

வாங்கியவுடன் பயணம் கிளம்ப ஆசை வரும். எனக்கும் வந்தது, தங்கைக்கு என்னைவிட அதிகமாக வந்தது. ஆனால் நான் பிடிவாதமாக வண்டியை மெக்கானிக்கிடம் விட்டேன். முன் சொந்தக்காரர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் திரவங்களில் மட்டும் யார் பேச்சையும் நம்பக் கூடாது. முக்கியமாக பிரேக் ஆயில். அது காற்றிலிருந்து ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். டாட் 4 வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறியதற்கு அந்த வரம்பு 155 டிகிரிதான். சமவெளியில் ஓட்டும்போது இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. மலையிலிருந்து இரண்டு பேரும் சாமானுமாக நீண்ட இறக்கத்தில் வரும்போது, திரவம் கொதித்துக் குமிழி வந்தால் லிவர் கைப்பிடி வரை மெத்தென்று போய்விடும். பார்க்க நிறம் தெளிவாகத்தான் இருந்தது. இருந்தாலும் மாற்றினோம். கூலன்ட், எஞ்சின் ஆயில், ஃபில்டர், எல்லாமே அன்றிலிருந்து புதுக் கணக்கு. தளர்ந்த இரண்டு ஸ்போக்குகளையும் இறுக்கி சக்கரத்தை அலைன்மென்ட் பார்த்தாயிற்று.

கூடுதலாகப் போட்டிருந்த இரண்டு விளக்குகள் வேறு கதை. நல்ல விளக்குகள். ஆனால் ஹெட்லைட் வயரை நடுவில் சீவி, அதோடு முறுக்கி, மேலே டேப் சுற்றியிருந்தார்கள். டேப்பைப் பிரித்தபோது உள்ளே செம்பு பச்சை பிடித்திருந்தது. வயரிங் விஷயத்தில் எனக்கு இரக்கமே கிடையாது. அத்தனையும் கழற்றி, சீவிய வயரைச் சரியான கனெக்டரால் மூடி, பேட்டரியிலிருந்து தனி ஃபியூஸும் ரிலேயும் வைத்து மறுபடி போட ஒரு நாள் முழுக்க ஆனது. இரவில், மழையில், ஊர் பேர் தெரியாத இடத்தில் ஹெட்லைட் அணைந்துபோவதோடு ஒப்பிட்டால் ஒரு நாள் பெரிதில்லை.

அப்புறம் உட்காரும் விதம். லிவர்கள் அவருடைய விரல் நீளத்துக்கு வைக்கப்பட்டிருந்தன, கியர் லிவர் அவருடைய ஷூவுக்கு. பின் ஷாக்கின் ஸ்பிரிங் இறுக்கம் தனியாக ஓட்டும் ஒருவருக்கு. ஆள் ஏறி உட்கார்ந்தால் சஸ்பென்ஷன் தன் மொத்த அசைவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அமுங்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. இந்த வண்டியில் பின்பக்க அசைவு 200 மி.மீ.; அப்படியென்றால் 60-லிருந்து 70 மி.மீ. வரை. தங்கையையும் பைகளையும் ஏற்றி அளந்தால் அதைவிட நிறைய இறங்கியது. பின்பக்கம் அமுங்கினால் முன்பக்கம் தூக்கும். வளைவில் வண்டி சொன்ன பேச்சைக் கேட்காது. வண்டி சரியில்லை என்று இந்தக் கட்டத்திலேயே முடிவுகட்டி விற்றுவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஸ்பிரிங்கை இறுக்கினால் போதும்.

அத்தனையும் செய்த பிறகும் ஓட்ட அந்நியமாகத்தான் இருந்தது. புது எஞ்சினில் சிலிண்டர் விட்டம் 84 மி.மீ., ஸ்ட்ரோக் 81.5. பழையதில் நீளம் அதிகம், இதில் அகலம் அதிகம். அதனால் குணமே தலைகீழ். பழைய எஞ்சின் 3,000 சுற்றில் சாவகாசமாக இழுத்துக்கொண்டு போகும். என் இடது கால் அந்தச் சத்தத்துக்குத் தானாக அடுத்த கியரைத் தட்டிவிடும். இதில் அந்த இடத்தில் கியர் மாற்றினால் எஞ்சின் உதறுகிறது. இதன் டார்க் உச்சத்துக்கு வருவது 5,500 சுற்றில், சக்தி உச்சத்துக்கு வருவது 8,000-த்தில். பழைய வண்டி அவ்வளவு சுற்றினால் உடைந்துவிடுமோ என்று பயந்திருப்பேன். இங்கே அது வேலை செய்யும் இடமே அதுதான். காது வேண்டாம் என்கிறது, வண்டி இன்னும் கொடு என்கிறது. காதை நம்பாமல் டாக்கோமீட்டரைப் பார்த்து 4,000-க்குக் கீழே இறங்காமல் ஓட்டிப் பழகினேன். கொஞ்ச நாளில் கால் தன் கணக்கை மாற்றிக்கொண்டது. இப்போது எண்ணைப் பார்க்க வேண்டியிருப்பதில்லை.

பிரேக்கும் அப்படித்தான். பழையதில் முன் பிரேக்கை நான்கு விரலால் இழுத்துப் பழகிய கை, இதில் இரண்டு விரலுக்கே வண்டி தலை குனிவதைப் பார்த்து அதிர்ந்தது. காலியான ஒரு மைதானத்தில் மெதுவான வேகத்திலிருந்து திரும்பத் திரும்ப பிரேக் பிடித்துப் பார்த்தேன். மண்ணுக்காகப் பின் ஏபிஎஸ்ஸை அணைக்கும் வசதி இருக்கிறது. அதைப் போட்டும் போடாமலும். இதைப் புது வண்டியின் முதல் பயணத்தில், நிஜமான ஒரு மாட்டுக்கு முன்னால் கற்றுக்கொள்ளக் கூடாது.

இந்த நாட்களில் பழைய வண்டி வீட்டிலேயேதான் இருந்தது. வேண்டுமென்றேதான் வைத்திருந்தேன். முதலில் விற்று அந்தக் காசில் வாங்குவதுதான் புத்திசாலித்தனம் என்பார்கள். கையில் கொஞ்சம் இடம் இருந்தால் நேர்மாறாகச் செய்யச் சொல்வேன். கையில் ஒரு வண்டி இருக்கும்போது வாங்கப் போனால் அவசரம் இருக்காது. வெதுவெதுப்பான எஞ்சினைத் தொட்டுவிட்டுத் திரும்பி நடக்க முடியும். இன்னொன்றும் கிடைக்கும். ஒரே சாலையில் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று ஓட்டிப் பார்க்கலாம். அப்படி ஓட்டியபோதுதான் புதியதில் எது நிஜமாகவே நல்லது, எது வெறும் புதுமை என்று பிரித்துப் பார்க்க முடிந்தது. போனோடு இணைந்து வட்டத் திரையில் வரைபடம் காட்டுவது எனக்கு வெறும் புதுமை. எஞ்சின் சூடாகாமல் மலையேறுவதும், 100-ல் போகும்போது இன்னும் கையில் மிச்சம் இருப்பதும் நிஜம். பழையது தோற்காத இடங்களும் தெரிந்தன. நடை வேகத்தில், கல் பாதையில், இன்றைக்கும் அந்த 411-தான் என்னுடைய வண்டி. அதன் டாப்பெட்டை, அதாவது வால்வு இடைவெளியை, அளக்க ஒரு ஃபீலர் கேஜும் ஸ்பேனரும் இருந்தால் நானே மரத்தடியில் சரிசெய்துவிடுவேன். புதியதில் வால்வைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் இரண்டு, இடைவெளியைச் சரிசெய்ய ஷிம் என்ற சின்னத் தகடுகளையே மாற்ற வேண்டும். அது மரத்தடி வேலை இல்லை.

பழையதை வாங்க வந்தவர்களில் பாதிப் பேர் கைப்பிடியைத் திருகி எஞ்சினை உறுமவிட்டுப் பார்த்தார்கள். அவர்களுக்குக் கொடுக்கவில்லை. வாங்கிய பெண் வந்ததும் எஞ்சின் மேல் கை வைத்தாள். எனக்கு அப்போதே பாதி முடிவாகிவிட்டது. ஆயில் குறைகிறது, ரிங் வேலை சீக்கிரம் வரும், அதற்கான செலவைக் கழித்துத்தான் விலை சொல்கிறேன் என்றேன். அவளுக்குத் தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டி வந்து இன்னொரு நாள் பார்த்தாள். மண் பாதையில் ஓட்டக் கற்றுக்கொள்ள ஒரு வண்டி வேண்டும், வேகம் பெரிதில்லை என்றாள். அவளுக்குப் பொருத்தமான வண்டி அதுதான்.

கொடுப்பதற்கு முன்னால் சில இரவுகள் உட்கார்ந்து ஒரு நோட்டில் எழுதினேன். சர்வீஸ் கணக்கு ஏற்கெனவே இருந்தது. அதில் இல்லாதவற்றை எழுதினேன். எந்தப் போல்ட்டை இறுக்கும்போது கவனம் தேவை, ஏனென்றால் அதன் மரை ஏற்கெனவே ஒருமுறை புதுப்பித்தது. சைடு பாக்ஸில் எடை எந்தப் பக்கம் கூடினால் ஹேண்டில் ஆடும். ரிசர்வ் விளக்குக்குப் பிறகு எவ்வளவு நம்பலாம். ஆற்றைக் கடந்து வந்தால் எந்த பேரிங்கை முதலில் பார்க்க வேண்டும். எழுத எழுத வந்துகொண்டே இருந்தது. சேர்த்து வைத்திருந்த கிளட்ச் கேபிள், ஆக்ஸிலேட்டர் கேபிள், பிரேக் பேட், இரண்டு டியூப், எல்லாவற்றையும் அதோடு கொடுத்தேன். அவள் நோட்டை அங்கேயே நின்று புரட்டினாள். "அக்கா, இதுக்குத் தனியா காசு தரணும்" என்றாள். கிளம்பும்போது, நான் சொல்லாமலே, எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுத்தான் கியர் போட்டாள்.

450-ஐ எடுத்துக்கொண்டு தங்கையோடு முதல் நெடும்பயணம் போய்விட்டு வந்தாயிற்று. ஏற்றத்தில் லாரி வந்தது. நான்காவது கியரிலிருந்து மூன்றுக்கு இறக்கினேன், எஞ்சினைச் சுற்றவிட்டேன், முந்தி இடப்பக்கம் வந்து சேர்ந்த பிறகும் எதிர்ச் சாலை காலியாகவே கிடந்தது. பின்னாலிருந்து தங்கை என் தோளைத் தட்டினாள். அதற்காகத்தான் இத்தனையும்.

இன்னும் முடியாத வேலைகள் இருக்கின்றன. சீட் 825 மி.மீ. உயரம், சரிவான இடத்தில் இருவராக நிறுத்தும்போது என் இடது பாதத்தின் முன்பகுதி மட்டும்தான் தரையைத் தொடுகிறது. சஸ்பென்ஷனைத் தாழ்த்த மாட்டேன், அது கல் பாதையில் அடிவயிற்றில் போய் இடிக்கும். சீட் ஃபோமைக் கொஞ்சம் செதுக்கலாமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். பழைய சைடு பாக்ஸ் கம்பி இதற்குப் பொருந்தவில்லை. இரும்புப் பெட்டியை விட்டுவிட்டுத் துணிப் பைகளையே வைத்துக்கொள்வதாக முடிவு. எடை குறையும், விழுந்தால் காலும் மாட்டாது. முன் டயர் இன்னும் ஒரு மழைக்காலம் வரும். அதற்குப் பிறகு பின் டயருக்கு ஜோடியாக அதை மட்டும் மாற்றுவதா, இரண்டையும் ஒன்றாக மாற்றுவதா என்று தங்கைக்கும் எனக்கும் வாக்குவாதம் நடந்துகொண்டிருக்கிறது. நான் இரண்டையும் என்கிறேன்.